பழைய லண்டன் வீட்டின் மரத்தரை ஏன் சத்தம் போடுகிறது, எப்படி நிறுத்துவது

சிமெண்ட், மொசைக், டைல்ஸ் என்று நடந்து வளர்ந்தவர்களுக்கு லண்டனின் பழைய வீடு முதல் இரவிலேயே ஒன்றைக் காட்டிக்கொடுத்துவிடும்: நடுராத்திரி யார் எழுந்து பாத்ரூம் போனாலும் வீடு முழுக்கக் கேட்கும். ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கங்களில் வரிசையாக நிற்கும் விக்டோரியா, எட்வர்டு காலத்து டெரஸ் வீடுகளில், அதாவது பக்கச்சுவர் ஒட்டிய வீடுகளில், மாடித்தரை முழுக்க மரம். கீழ்த்தரையிலும் முன்னறைகள் அநேகமாக மரம்தான். நூறு வருடத்துக்கு மேல் மிதிபட்ட மரம் சத்தம் போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சத்தம் வந்தாலே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். எங்கோ இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன, அவ்வளவுதான். எந்த இரண்டு என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. அதைச் செய்யாமல் கண்ட இடத்திலெல்லாம் ஸ்க்ரூ இறக்கினால், ஒன்று சத்தம் அப்படியே இருக்கும். இல்லாவிட்டால் சத்தம் நின்று, கீழறை சீலிங்கில் தண்ணீர் சொட்டும்.

பலகைக்கு அடியில் என்ன இருக்கிறது

நாம் நடப்பது பலகையின் மேல். அந்தப் பலகைகளைத் தாங்கிக்கொண்டு, குறுக்கே, செங்குத்தாக நிமிர்த்தி வைத்த கட்டைகள் ஓடும். அவைதான் ஜாயிஸ்ட். மாடியில் ஒரு ஜாயிஸ்ட் சுமார் 50 மி.மீ. தடிமனும் 175 முதல் 225 மி.மீ. வரை உயரமும் இருக்கும். ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 350 முதல் 400 மி.மீ. அதன் அடிப்பக்கத்தில் மெல்லிய மரச்சிம்புகளை அடித்து, சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய சீலிங்.

கீழ்த்தளத்தில் கதை வேறு. மண்ணுக்கும் தரைக்கும் இடையே வெற்றிடம் விட்டிருப்பார்கள். அதில் காற்றுப் போக ஓட்டை விட்டுக் கட்டிய குட்டைச் செங்கல் சுவர்கள் நிற்கும். அவற்றின் மேல் ஒரு படுகட்டை, அதன் மேல் சுமார் 100 மி.மீ. உயரமுள்ள சின்ன ஜாயிஸ்ட்கள், அதன் மேல் பலகை. தெருவிலிருந்து பார்த்தால் சுவரின் அடியில் தெரியும் ஓட்டைச் செங்கல், அதாவது ஏர் பிரிக், இந்த வெற்றிடத்துக்கு மூச்சுவிடத்தான்.

பலகைகள் பெரும்பாலும் பைன் வகை மரம். அகலம் 150 முதல் 175 மி.மீ., தடிமன் 20 முதல் 22 மி.மீ. ஒவ்வொரு ஜாயிஸ்டிலும் இரண்டிரண்டு ஆணி. அந்தக் காலத்து ஆணி உருண்டையாக இருக்காது. இரும்புத் தகட்டிலிருந்து வெட்டிய சதுர உடம்பு. தலையும் சின்னது. விக்டோரியா காலத்துப் பலகைகள் பெரும்பாலும் பக்கத்தில் பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும் நேர்விளிம்புப் பலகைகள். பிறகு வந்த வீடுகளில் ஒன்றின் நாக்கு இன்னொன்றின் பள்ளத்தில் நுழையும் பலகைகள் அதிகம். உங்களுடையது எது என்று பார்க்க, பலகை இடுக்கில் ஒரு பழைய ஏடிஎம் அட்டையை விடுங்கள். தாராளமாக அடிவரை இறங்கினால் நேர்விளிம்பு. பாதியில் தடுத்தால் நாக்கு.

சத்தம் எங்கே பிறக்கிறது

இந்த வீடுகளைக் கட்டியபோது கணப்பு அடுப்புதான். ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று. மரத்தில் ஈரம் கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. பிறகு சென்ட்ரல் ஹீட்டிங் வந்து மரம் முன்னைவிட நன்றாகக் காய்ந்தது. மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு. அகலத்திலும் தடிமனிலும்தான் சுருங்கும். பைன் மரத்தின் ஈரம் 18 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கினால் அகலத்தில் சுமார் 2 சதவீதம் குறையும். பலகைத் தடிமனையும், ஆணி ஜாயிஸ்டுக்குள் இறங்கிய ஆழத்தையும் சேர்த்து 60 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், மரம் கிட்டத்தட்ட 1 மி.மீ. சுருங்கிவிட்டது. இரும்பு ஆணி சுருங்கவில்லை. ஆணித்தலைக்கு அடியில் இப்போது ஒரு இடைவெளி. காலை வைத்தால் பலகை இறங்கும், எடுத்தால் ஏறும். ஆணியின் உடம்பில் மரம் உரசும் சத்தம்தான் அந்தக் கிறீச். மாடியில் கேட்கும் சத்தங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

அடுத்த பெரிய குற்றவாளி, யாரோ ஒரு பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ எப்போதோ தூக்கிப்போட்ட பலகை. குழாய் போடவோ ஒயர் இழுக்கவோ பலகையை அறுத்து எடுத்திருப்பார்கள். திரும்ப வைக்கும்போது பழைய ஓட்டையிலேயே இரண்டு ஆணியைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். சில இடத்தில் அறுத்த முனைக்கு அடியில் ஜாயிஸ்டே இருக்காது, அந்தரத்தில் தொங்கும். நீளப் பலகைகளுக்கு நடுவே அரை மீட்டர், ஒரு மீட்டர் துண்டு தெரிந்தால் முதலில் அங்கே காலை வைத்துப் பாருங்கள்.

யாருமே நடக்காதபோது, ஹீட்டிங் போட்ட பத்து நிமிடத்தில் டிக், டிக் என்று கேட்டால் அது பலகை இல்லை, குழாய். செம்புக் குழாய் 5 மீட்டர் நீளம் இருந்து 50 டிகிரி சூடேறினால் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் நீளும். ஜாயிஸ்டின் தலையில் வெட்டிய பள்ளத்தில் அது இறுக்கமாகப் படுத்திருந்தால் விட்டு விட்டு நகரும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு டிக். எத்தனை ஸ்க்ரூ போட்டாலும் இது நிற்காது. பலகையைத் தூக்கி, குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே கம்பளித் துணி மாதிரியான ஃபெல்ட் பட்டை ஒன்றைச் சொருகினால் போதும்.

நாக்குப் பலகைகளில் விளிம்போடு விளிம்பு உரசுவதும் உண்டு. அறை நடுவில் நாலைந்து பலகை சேர்ந்தாற்போல் முனகினால் ஜாயிஸ்ட்களுக்கு இடையே பெருக்கல் குறி போலக் குறுக்கே அடித்த சட்டங்கள் தளர்ந்திருக்கலாம்.

இடத்தைக் குறிப்பது

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மெதுவாக, ஒரு பலகை அகலத்துக்கு ஒரு அடியாக, எடையை முன்னும் பின்னும் மாற்றி நடக்க வேண்டும். மற்றவர் தரையோடு தலையை வைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து ஆணித்தலைகளைப் பார்க்க வேண்டும். நடக்கிறவரின் காதை நம்பாதீர்கள். காலடியில் கேட்பது போலத் தோன்றும் சத்தம் இரண்டு பலகை தள்ளி இருக்கும். பலகை ஆணித்தலையை விட்டு இறங்குவது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஆணியைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி படிந்திருந்தால் அங்கே பல வருடமாக உரசல் நடக்கிறது என்று அர்த்தம்.

ஆணித்தலைகள் நேர்கோட்டில் வரும். அந்தக் கோடுதான் ஜாயிஸ்ட்.

டிரில்லைத் தொடும் முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். ஹீட்டிங் குழாய், தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய், மின் ஒயர் எல்லாம் இந்தப் பலகைகளுக்கு அடியில்தான் போகின்றன. ஜாயிஸ்டுக்கு இணையாகப் போகும் குழாய் இரண்டு ஜாயிஸ்டுக்கு நடுவில் இருக்கும். அதனால் தொந்தரவு இல்லை. குறுக்கே போவதுதான் சிக்கல். அது ஜாயிஸ்டின் தலைப் பள்ளத்தில், பலகைக்குச் சில மில்லிமீட்டர் கீழே படுத்திருக்கும். ஆணிக்கோட்டில் சரியாகத்தான் ஸ்க்ரூ போட்டோம் என்று இருப்போம், அது குழாயின் நடுவில் இறங்கியிருக்கும். துளைத்த உடனே தெரியாமலும் போகலாம். ஸ்க்ரூவே அடைப்பாக நின்று, பிறகு துருப்பிடித்துக் கசியும்.

ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் குழாய் தரைக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கிருந்து பலகையின் திசையில் ஒரு கோடு இழுத்தால் அநேகமாக அதுவே குழாயின் வழி. சுவரில் உள்ள பிளக் பாயிண்ட், கீழறை சீலிங் லைட் இவற்றையும் அப்படியே கணக்கில் எடுங்கள். இன்றைய விதிப்படி, பாதுகாப்பு உறை இல்லாத ஒயர் ஜாயிஸ்டின் மேல்விளிம்பிலிருந்து குறைந்தது 50 மி.மீ. கீழே போக வேண்டும். பழைய வேலைகளில் அதை எதிர்பார்க்க முடியாது. குழாய் காட்டும் கருவி உதவும்தான், ஆனால் ஆணி நிறைந்த தரையில் அது எல்லா இடத்திலும் கத்தும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டுப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்ப்பதே நிச்சயமான வழி. கேஸ் வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து 0800 111 999 என்ற எண்ணை அழையுங்கள்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. 2000க்கு முன் ஒட்டிய பழைய வினைல் டைல்களிலும் அவற்றின் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைக்காமல், சுரண்டாமல் முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள். பலகையின் ஓரங்களில் உள்ள பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம்.

ஸ்க்ரூ போடும் முறை

ஆணி வேண்டாம், ஸ்க்ரூதான். ஆணி மறுபடியும் தளரும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், சுத்தியல் அடியில் கீழே உள்ள சுண்ணாம்பு சீலிங் அதிர்ந்து, சிம்பிலிருந்து கழன்று பாளம் பாளமாக விழும். ஒரு கிறீச்சை நிறுத்தப் போய் சீலிங் முழுவதையும் மாற்றியவர்கள் உண்டு.

4.5 × 50 மி.மீ. மர ஸ்க்ரூ வாங்குங்கள். தலையை ஒட்டிய பகுதியில் புரி இல்லாத, பாதிப் புரி ஸ்க்ரூவாக இருக்கட்டும். 21 மி.மீ. பலகையைத் தாண்டி 29 மி.மீ. ஜாயிஸ்டுக்குள் போகும், அது போதும். பயந்துகொண்டு 75 மி.மீ. வாங்கினால் பிடிமானம் பெரிதாகக் கூடாது, ஒயரைக் குத்தும் வாய்ப்புதான் கூடும்.

இரண்டு அளவில் துளை போட வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். பலகையில் மட்டும் 5 மி.மீ. துளை, ஸ்க்ரூ அதற்குள் சும்மா சுழல வேண்டும். அதே துளை வழியாக ஜாயிஸ்டில் 3 மி.மீ. துளை, அங்கேதான் புரி கடிக்க வேண்டும். பலகையிலும் சின்னத் துளையே போட்டால் புரி இரண்டு மரத்தையும் ஒரே நேரத்தில் கடித்துவிடும். பலகை மேலே தூக்கி நிற்கும் அந்த 1 மி.மீ. இடைவெளியோடு சேர்த்தே பூட்டிவிடும். ஸ்க்ரூ எவ்வளவு இறுகினாலும் பலகை கீழே வராது, சத்தமும் போகாது. டிரில் பிட்டில் 21 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றி வைத்துக்கொண்டால் பலகையோடு நிறுத்துவது எளிது.

துளை பழைய ஆணிக்குப் பக்கத்தில், பலகையின் நடுவை நோக்கி 10 முதல் 15 மி.மீ. தள்ளி வரட்டும். ஜாயிஸ்டின் 50 மி.மீ. தடிமனில் நடுப்பாகத்தில் விழ வேண்டும். பலகையின் முனை அருகே போட்டால் பிளக்கும். முனையிலிருந்து குறைந்தது 20 மி.மீ. விடுங்கள். அதற்கும் இடமில்லை என்றால் துளையைச் சற்றுச் சாய்த்துப் போடலாம். கவுண்டர்சிங்க் பிட்டால் தலை உட்காரக் குழி எடுத்து, பலகையின் மேல் ஏறி நின்றுகொண்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். உங்கள் எடையே பலகையை ஜாயிஸ்டில் அழுத்திப் பிடிக்கும். ஒரு ஜாயிஸ்டுக்கு இரண்டு ஸ்க்ரூ, ஓரத்துக்கு ஒன்று. சத்தம் போடும் ஜாயிஸ்டில் மட்டும் போட்டால் பக்கத்தில் சத்தம் கிளம்பும். இரு பக்கமும் அடுத்த ஜாயிஸ்டிலும் சேர்த்துப் போடுங்கள்.

நடுவில் குழிந்து ஓரம் தூக்கிய பலகையை ஒரே இறுக்கில் தட்டையாக்கப் பார்க்காதீர்கள். நீளவாக்கில் விரிசல் விடும். கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். முழுக்கப் படியாவிட்டால் அடியில் மெல்லிய பிளைவுட் சிம்பு வைத்து முட்டுக் கொடுப்பதே நல்லது.

துருத்தி நிற்கும் பழைய ஆணிகளைப் பிடுங்க முயல வேண்டாம். சதுர ஆணி மரத்தைக் கிழித்துக்கொண்டுதான் வரும். ஸ்க்ரூ போட்டு முடித்த பிறகு, நெயில் பஞ்ச் வைத்து மெல்லத் தட்டி 3 மி.மீ. உள்ளே இறக்கிவிடுங்கள். பின்னால் தரையை மெஷின் வைத்துத் தேய்க்கப் போகிறீர்கள் என்றால் இது கட்டாயம். ஒரு ஆணித்தலை போதும், சாண்ட்பேப்பர் கிழிந்துவிடும்.

விளிம்பு உரசல், இடுக்கு

நாக்கும் பள்ளமும் உரசுகிற இடத்தில் டால்கம் பவுடரைத் தூவி, பிரஷ்ஷால் இடுக்குக்குள் தள்ளி, மேலே துணி போட்டு மிதித்தால் சத்தம் அடங்கும். சில மாதத்தில் திரும்ப வரும்; வாடகை வீட்டுக்கு இதுவே போதும். எண்ணெய், துரு நீக்கும் ஸ்ப்ரே எதையும் விடாதீர்கள். கறை படியும், பிறகு வார்னிஷ் அங்கே ஒட்டாது.

நேர்விளிம்புப் பலகைகளுக்கு இடையே அகல இடுக்கு இருந்தால் பைன் மரப் பட்டைகளை ஆப்பு வடிவில் இழைத்துத் தட்டி இறக்கலாம். பசையை ஒரு பக்கம் மட்டும் தடவுங்கள். இரண்டு பக்கமும் ஒட்டினால் குளிர்காலத்தில் பலகை சுருங்கும்போது பட்டையோ பலகையோ கிழியும். குளிர்காலத்தில் இடுக்கு மிக அகலமாக இருக்கும்போது இறுக்கி அடித்தாலும் தப்பு. கோடையில் மரம் உப்பி, தரை மேலே எழும்பும். ஸ்க்ரூ வேலைக்கு ஜனவரி, பிப்ரவரி நல்லது. பட்டை வேலையை வசந்தகாலத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையைத் தூக்க வேண்டி வந்தால்

ஏற்கெனவே அறுத்த துண்டு இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். அகல உளியை முனையில் சொருகி, ஆணிக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நெம்ப வேண்டும். முனை தூக்கியதும் அடியில் குறுக்கே ஒரு கட்டையைத் தள்ளி, அதை அடுத்த ஜாயிஸ்ட் வரை நகர்த்திக்கொண்டே போனால் பலகை உடையாமல் வரும். நாக்குப் பலகை என்றால் முதலில் நாக்கை அறுக்க வேண்டும். வட்ட ரம்பத்தின் ஆழத்தைப் பலகையின் தடிமனைவிட 2 மி.மீ. குறைவாக வைத்து இடுக்கு நெடுக ஓட்டுங்கள். அப்போது அடியில் உள்ள ஒயருக்குப் பல் எட்டாது.

திரும்ப வைக்கும்போது, அந்தரத்தில் நிற்கும் முனைக்கு அடியில் ஜாயிஸ்டின் பக்கத்தில் 45 × 45 மி.மீ. கட்டை ஒன்றை இரண்டு, மூன்று நீள ஸ்க்ரூவால் பிடித்து, அதன் மேல் முனையை உட்கார வைக்க வேண்டும். இந்த ஒரு கட்டை இல்லாததால்தான் பாதித் துண்டுகள் சத்தம் போடுகின்றன. புதுப் பலகை வாங்கினால் பழையதைவிட மெல்லியதாக இருக்கும். ஜாயிஸ்டின் தலையில் ஹார்ட்போர்டு பட்டை வைத்து உயரத்தைச் சரிக்கட்டலாம். பழைய கட்டடச் சாமான் விற்கும் யார்டுகளில் அதே தடிமன் கிடைத்தால் உத்தமம். எதுவானாலும் ஒன்றிரண்டு வாரம் அறைக்குள் வைத்துக் காயவிட்டுப் பிறகு பொருத்துங்கள்.

பலகை திறந்திருக்கும்போதே ஜாயிஸ்டையும் பாருங்கள். குழாய்க்கு வெட்டிய பள்ளம் ஜாயிஸ்ட் உயரத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, 200 மி.மீ. ஜாயிஸ்டுக்கு 25 மி.மீ. அதுவும் அறை நடுப்பகுதியில் வெட்டவே கூடாது. 60, 70 மி.மீ. வெட்டிய ஜாயிஸ்டைப் பார்த்தால் மூடி வைத்துவிட்டுப் போகாமல் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

அடியிலிருந்து செய்ய முடிந்தால்

நிலவறை உள்ள வீட்டுக்காரர்களுக்கு வேலை சுலபம். பலகைக்கும் ஜாயிஸ்டுக்கும் நடுவே தெரியும் சந்தில் பசை தடவிய மெல்லிய ஆப்பை விரலால் தள்ளி, லேசாக ஒரு தட்டு. ஓங்கி அடித்தால் பலகை மேலே எழும்பிப் பக்கத்து ஆணியைத் தளர்த்திவிடும். பல பலகை ஆடினால் 45 மி.மீ. கட்டையைப் பசை போட்டு மூலையில் வைத்து, ஜாயிஸ்டுக்கும் பலகைக்கும் ஸ்க்ரூ போடலாம். பலகைக்குள் ஸ்க்ரூ 12 மி.மீ.க்கு மேல் ஏறக் கூடாது, மேலே யாருடைய காலாவது கிழியும். ஜாயிஸ்டே படுகட்டையில் உட்காராமல் ஆடினால் அந்தச் சந்தில் ஸ்லேட் கல் துண்டைச் சொருகுவதே பழைய முறை. அது நசுங்காது, உளுக்காது.

கிறீச் இல்லை, குதிக்கிறது என்றால்

நடக்கும்போது அலமாரியில் பாத்திரம் கலகலக்கிறது, தரை தொட்டில் மாதிரி ஆடுகிறது என்றால் அது பலகை விவகாரம் இல்லை. ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஜாயிஸ்டைக் குத்திப் பாருங்கள், முக்கியமாகச் சுவருக்குள் போகும் முனையில். நல்ல மரம் எதிர்க்கும். மக்கிய மரத்தில் வெண்ணெயில் போவது போல இறங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். கட்டம் கட்டமாக வெடித்த மரம், செங்கல் நிறத்தில் பொடி, காளான் வாடை மூன்றும் சேர்ந்தால் அது ட்ரை ராட் என்ற, மரத்தை அரிக்கும் பூஞ்சை. தள்ளிப்போடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். கீழ்த்தளத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணம் அடைத்துப்போன ஏர் பிரிக். தோட்டத்து மண்ணையோ சிமெண்ட் தளத்தையோ உயர்த்தி யாரோ மூடியிருப்பார்கள்.

மரம் திடமாக இருந்தும் ஆடினால், ஜாயிஸ்ட்களுக்கு நடுவே, ஜாயிஸ்ட் நீளத்தின் பாதியில், இறுக்கமாக வெட்டிய கட்டைகளை வரிசையாக முட்டுக் கொடுக்கலாம். ஜாயிஸ்ட் 2.5 மீட்டருக்கு மேல் நீண்டால் ஒரு வரிசை, 4.5 மீட்டரைத் தாண்டினால் இரண்டு வரிசை.

கார்ப்பெட், லாமினேட், ஃப்ளாட்

லாமினேட் போடப் போகிறவர்கள் அதற்கு முன் சத்தத்தை நிறுத்திவிட வேண்டும். மேலே மூடினால் அடங்கிவிடும் என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள், அடங்காது. ஆடும் தரையில் லாமினேட்டின் பூட்டுகளும் உடையும், அப்புறம் இரண்டு சத்தம். சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள். கார்ப்பெட் இருந்தால் ஓரத்து முள்பட்டையிலிருந்து ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி, வேலை முடித்துத் திரும்ப மாட்டலாம். கார்ப்பெட் வழியாகவே இறக்கி, தலையை உடைத்துவிடும் ஸ்க்ரூ செட்டும் விற்கிறார்கள். ஆனால் அடியில் குழாய் எங்கே என்று பார்க்க முடியாது என்பதால், மாடியில் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

பழைய வீட்டைப் பிரித்த ஃப்ளாட் என்றால் முதலில் லீஸ் பத்திரத்தைப் படியுங்கள். ஜாயிஸ்ட் உங்களுக்குச் சொந்தமா, கார்ப்பெட் கட்டாயமா என்று அதில்தான் இருக்கும். பட்டியலிடப்பட்ட பாரம்பரியக் கட்டடமாக இருந்தால் பலகையை மாற்றவே கவுன்சில் அனுமதி தேவைப்படலாம்.

மாடிப்படி தனி ரகம். அங்கே மிதிபலகையும் அதற்கு முன்னால் நிற்கும் செங்குத்துப் பலகையும் உரசுகின்றன. படிக்கு அடியில் அலமாரி இருந்து, பின்பக்கம் திறந்திருந்தால் மூலைகளில் ஒட்டிய முக்கோணக் கட்டைகள் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப்பசை போட்டு, இரண்டு ஸ்க்ரூவால் பிடித்து, பசை காயும்வரை அந்தப் படியை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து போக வழியில்லை என்றால் மேலிருந்து, மிதிபலகையின் முன்விளிம்பு வழியாகக் கீழே நிற்கும் பலகையின் தலைக்கு 4 × 50 மி.மீ. ஸ்க்ரூ மூன்று போதும். அந்தப் பலகை பெரும்பாலும் 20 மி.மீ.க்குள்தான் இருக்கும் என்பதால், துளை நடுவில் விழும்படி அளந்து குறித்துவிட்டே டிரில்லை வையுங்கள்.